அம்பத்தூர் வட்டாரத்தில் டயர் வாங்கிய கதை

சிறியதாயினும் வேகத்துக்கும் வளைவுக்கும் அஞ்சாத ஒரு காரை வைத்திருப்பவர், அதன் டயர்கள் நான்கும் மொட்டையான பிறகு கடைக்குப் போய், ஐந்தாறு கம்பெனிகளின் பெயரைச் சொல்லி விலை கேட்டு, அகலத்தையும் தரையைத் தொடும் பட்டன் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, பேரம் பேசி வாங்கிக்கொண்டு வருகிற வழக்கம், பாடியிலிருந்து ஆவடி வழியாகத் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் எம்.டி.எச். ரோட்டில் இன்று அன்றாடக் காட்சியாகிவிட்டது என்றாலும், அந்த வழக்கத்தின் வயது ஒரு தலைமுறைக்குச் சற்று அதிகமாக இருக்கலாமே தவிர, அதற்கு மேல் இராது. இந்த வட்டாரமே டயரையும் சக்கரத்தையும் உற்பத்தி செய்து தேசமெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே கார் வைத்திருந்தவருக்குத் தேர்வு என்ற பேச்சே கிடையாது. தேர்வு செய்யும் சௌகரியம் வந்து சேர்ந்த சமயத்திலோ இங்கிருந்த பெரிய டயர்த் தொழிற்சாலை மூடுவதும் திறப்பதுமாகத் தத்தளித்துக்கொண்டிருந்தது.

கதையை யுத்த காலத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது, தமிழ்க் கூலிகளின் உழைப்பால் வளர்ந்திருந்த மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் அனைத்தும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கையைவிட்டுப் போயின. அவற்றோடு உலகத்தின் ரப்பரில் பெரும்பங்கும் போயிற்று. உடனே இந்தியாவில் டயருக்கு ரேஷன் வந்தது. பெட்ரோலும் கிடைக்காமல் கரிவாயுவில் பஸ்கள் ஓடிய அந்நாளில், புது டயர் வேண்டும் என்பவர் சர்க்காரின் அனுமதிக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே யுத்தம்தான் ஆவடியில் பிரம்மாண்டமான இராணுவக் கிடங்குகளையும், செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுபாதையையும் விட்டுச் சென்றது. விமானங்கள் போனபிறகு அந்த ஓடுபாதை இன்னொரு காரியத்துக்குப் பயன்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் இப்பிராந்தியத்தின் தோற்றமே மாறியது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஸ்தாபனம் உருவாயிற்று. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ மாதிரிச் சமுதாயத்தை லட்சியமாக அறிவித்தது. ஏரியும் தோப்பும் வயலுமாகக் கிடந்த சுற்றுப்புறத்தில் அதன்பின் ஆலைகள் எழும்பிய வேகத்தைப் பார்த்தால், தீர்மானம் நிறைவேறிய இடத்துக்கே அதன் பலன் முதலில் கிடைத்ததோ என்று தோன்றும். 1959-இல் டன்லப் கம்பெனி அம்பத்தூரில் தன் தொழிற்சாலையைத் திறந்தது. வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரைச் சாகாகஞ்சில் 1936 முதல் நடந்துவந்த ஆலைக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அக்கம்பெனி கண்ட இரண்டாவது ஆலை இதுவே. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தார் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகத் தொடங்கினார்கள். இவற்றுள் சக்கரம் செய்த வீல்ஸ் இந்தியாவுக்குக் கூட்டாளியாக வந்ததும் இங்கிலாந்தின் டன்லப்பேதான். ஆக, சக்கரம் பாடியிலும், அதன்மேல் ஏறும் டயர் அம்பத்தூரிலும், அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கு மறுபடியும் பாடியிலுமாகச் சில மைல் தூரத்துக்குள் அமைந்துவிட்டன. சென்னையின் வடகோடியில் திருவொற்றியூரில், 1946-இல் பலூன் செய்யத் தொடங்கி 1952-இல் டிரெட் ரப்பருக்கு மாறியிருந்த கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1961-இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் உதவியோடு டயர் உற்பத்தியிலும் இறங்கிற்று.

இத்தனை இருந்தும் கார்க்காரர் பாடு என்னவாக இருந்தது? அக்காலத்தில் இந்தியாவில் மூன்றே கார்கள்தாம் உண்டென்று சொல்லலாம். அம்பாசடருக்கு 5.90-15, ஃபியட்டுக்கு 5.20-14, ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 5.20-13 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நிர்ணயமாகியிருந்தது. அந்த அளவில் கடைக்காரரிடம் எந்தக் கம்பெனியின் சரக்கு வந்திருக்கிறதோ அதை வாங்கிக்கொள்வது, வராவிட்டால் சொல்லிவைத்துவிட்டு வருவது, இவ்வளவே வாங்குகிறவருக்கு விதிக்கப்பட்ட சுதந்திரம்.

ஹெரால்டை இங்கே தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1961 முதல் சென்னையின் தென்புறத்தில் வண்டலூர் அருகே தயாரான அந்தக் கார், இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த அழகிய உருவமும், 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் லாகவமும், 948 சி.சி. எஞ்சினும் கொண்டது. அந்நாளைய சந்தையில் விளையாட்டுக் குணம் படைத்த சிறிய கார் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. ஆனால் அதன் பின்சக்கரங்களின் அமைப்பில் ஒரு விபரீதம் இருந்தது. ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை ஆக்ஸிலோடு சேர்ந்து, வண்டியின் நடுவிலுள்ள மூட்டை மையமாகக்கொண்டு ஊசலாடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினால், பின்புறம் மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கி, டயர் முழு அகலத்துக்கும் தரையைத் தொடாமல் ஓரத்தில் நிற்கும். எனவே ஹெரால்டில் பின் டயரின் காற்று முன் டயரைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதும், முன்னைவிடப் பின்னால் பிடிப்புக் குறைந்த டயரை மாட்டக்கூடாது என்பதும் உயிருக்கு உத்தரவாதமான விதிகள். டயர் விஷயத்தில் இத்தனை நுட்பம் தேவைப்பட்ட காருக்கு டயரைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லாமற் போனதை விதியின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

புது டயருக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால் பழையதை நீடிக்கச் செய்யும் கலை இங்கே ஓங்கி வளர்ந்தது. நம் பக்கத்தில் எல்லாரும் ரீபட்டன் என்று சொல்லும் அந்தத் தொழிலை, லாரிகள் வந்து தங்கும் பூந்தமல்லி ரோட்டோரத்திலும் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியும் கண்டிருப்பீர்கள். தேய்ந்த டயரை முதலில் உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, நூல் அறுந்திருக்கிறதா, பக்கவாட்டில் வீக்கம் கண்டிருக்கிறதா என்று சோதிப்பார்கள். தேறாததை அங்கேயே கழித்துவிடுவார்கள். தேறியதைச் சுழலவிட்டு, மிஞ்சிய பட்டனை முள்ளுச் சக்கரத்தால் உரசிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் பூசிக் காயவைத்து, பச்சை டிரெட் ரப்பரை அதன்மேல் சுற்றி, உருளையால் அழுத்திக் காற்றுக்குமிழி இல்லாதபடி ஒட்டி, அச்சுக்குள் வைத்து நீராவிச் சூட்டில் வேகவைத்தால், ரப்பர் இறுகிப் பழைய உடலோடு ஒன்றிப்போய்ப் புதுப் பட்டன் பதிந்து வெளியே வரும். வேலை சுத்தமாக நடந்ததா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடும்போதுதான் தெரியும். உரிந்து போன பட்டன்கள் கருநிறப் பட்டைகளாகப் பெங்களூர் ரோட்டின் ஓரங்களில் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இது நியாயமான சிக்கனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதிவேகத்தில் ஓட்ட ஆசைப்படுகிற சிறு காரின் முன்சக்கரத்தில் ரீபட்டன் டயரை மாட்டியவர்களின் தைரியத்தை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை.

அந்த ஆசைக்கு வடிகால் சோழவரத்தில் இருந்தது. யுத்தம் விட்டுச்சென்ற ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் 1950களிலிருந்து பந்தயங்கள் நடத்தினார்கள். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் சீமான்கள் வந்து கலந்துகொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுக் கார்களின் கர்ஜனை ஒரு பக்கம் இருக்க, உள்ளூர் மெக்கானிக்குகள் கடைந்தெடுத்த ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஓடிய பந்தயங்களே டயரைப் பற்றிய அறிவைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டு சேர்த்தன என்பது என் அபிப்பிராயம். விமானத்துக்காகப் போட்ட நேர்ப்பாதையில் முழு வேகமெடுத்து, திடீரென்று குறுகிய திருப்பத்துக்குள் வண்டியை மடக்க வேண்டிய இடத்தில், காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் எப்படிச் சாய்கிறது, சூடேறிய ரப்பர் எப்போது பிடிப்பை இழக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் காணலாம். தடத்தில் கண்டதைப் பட்டறையில் பேசினார்கள். பட்டறையில் பேசியது கடைவீதிக்கும் வந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கப்பட்டதும் சோழவரத்தின் சகாப்தம் முடிந்தது. பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் செங்குன்றம் ரோட்டை விட்டுப் பூந்தமல்லி வழியைப் பிடித்தார்கள்.

இதற்கிடையில் டயரின் உள்ளமைப்பே மாறிக்கொண்டிருந்தது. பழைய டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். ஆகையால் பக்கச் சுவர் வளைந்தால் பட்டனும் சேர்ந்து நெளியும். பிரெஞ்சு மிஷெலின் கம்பெனியார் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் முறையிலோ, நூல்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேர் குறுக்காக ஓடுகின்றன. அவற்றின்மேல் உருக்குக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றியிருக்கிறது. பக்கச் சுவர் தன்னிஷ்டப்படி வளையும். பட்டன் தரையில் அப்படியே படிந்திருக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, பிடிப்பு அதிகம். இந்தியாவில் கார் ரேடியலை 1977-இல் ஜே.கே. டயர் முதன்முதலாகச் செய்தது. ஆனால் அதை வாங்கினவர்களிற் சிலர் செலவைக் குறைப்பதாக எண்ணி இரண்டை மட்டும் வாங்கி முன்னால் மாட்டிவிட்டுப் பின்னால் பழைய ரகத்தையே விட்டுவைத்தார்கள். முன்சக்கரம் வளைவைப் பற்றிக்கொள்ள, பின்சக்கரம் நழுவ, வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதியும், பத்தாண்டு கழித்து வந்த ஜென்னும் இந்த வியாபாரத்தைத் தலைகீழாக மாற்றின. உருண்டை வடிவமும் 993 சி.சி. அலுமினிய எஞ்சினும் கொண்ட ஜென், ஹெரால்டுக்குப் பிறகு இவ்வூர் வாலிபர்கள் மனத்தைப் பறிகொடுத்த முதல் சிறு கார். அதன் 145/70 ஆர்-13 டயர் மெலிந்தது. ஆகவே 155, 165 என்று அகலமானதை மாட்டும் மோகம் பரவிற்று. இதில் ஒரு கணக்கு உண்டு. 145 மில்லிமீட்டர் அகலத்தில் 70 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம். அதை இருமடங்காக்கி 13 அங்குல ரிம்மோடு கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 533 மில்லிமீட்டர். 165/65-க்கு அதே கணக்கைப் போட்டால் 545 வரும். இந்த இரண்டு சதவிகித வித்தியாசத்தால் மீட்டர் முள் 100 காட்டும்போது வண்டி 102-இல் போகும். அது பெரிய விஷயமில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்த வண்டியில் பார்க்கிங் செய்யக் கை நோகும், மைலேஜ் குறையும், முழுக்கத் திருப்பினால் சில வண்டிகளில் டயர் மட்கார்டில் உரசும். இவையெல்லாம் தெரிந்தே மாட்டினார்கள். பிற்காலத்து ஸ்விஃப்ட்டில் கம்பெனியாரே 165/80 ஆர்-14, 185/65 ஆர்-15 என்று இரண்டு அளவு கொடுத்தபோது, இரண்டின் உயரமும் இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஜென் காலத்துக் கடைக்காரர்கள் அனுபவத்தால் கண்டதைத்தான் அவர்கள் சாஸ்திரப்படி செய்தார்கள்.

அம்பத்தூர் டன்லப்பின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களின் நடுவில் இங்கிலாந்துக்காரர்களின் பங்கு கைமாறி மனு சாப்ரியாவிடம் போயிற்று; 1990களின் இறுதியில் ஆலை முடங்கிற்று; 2005-இல் பவன் ரூயா வாங்கி மீண்டும் ஓட்டிப் பார்த்தார்; 2013-இல் கம்பெனியைக் கலைக்கக் கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ரேடியலுக்கு மாறுவதற்கு முதலீடு தேவைப்பட்ட காலத்தில் முதலாளிகள் மாறிக்கொண்டிருந்ததே பிரதான காரணம் என்று நான் கருதுகிறேன். டயர்த் தொழில் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. சற்று விலகி உட்கார்ந்தது. பூந்தமல்லியைத் தாண்டினால் ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஜே.கே.யும் சியட்டும், ரயில் பாதையோடு மேற்கே போனால் அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., வடக்கே தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் என்று முன்னைவிடப் பெரிய ஆலைகள் இன்று அம்பத்தூரைச் சுற்றி நிற்கின்றன.

2020 ஜூனில் மத்திய சர்க்கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர லைசென்ஸ் வேண்டும் என்று விதித்தது. லாரி டயருக்காகத் தொடங்கிய தேர்வாய் கண்டிகை ஆலை இதே திருவள்ளூர் ஜில்லாவில் இருந்தும், அதே கம்பெனியின் கார் டயர் கப்பலில்தான் வரவேண்டியிருந்தபடியால், வேகமான சிறு கார்களுக்கு அதையே விரும்பி வாங்கிவந்தவர்கள் அளவு கிடைக்காமல் திண்டாடினார்கள். கடைக்காரர்கள் பழையபடி 'சொல்லி வைக்கிறேன், வந்தால் போன் பண்ணுகிறேன்' என்று பெயரையும் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ செய்ததை வாங்கி, கடையிலேயே அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்குள் வீடு சேர்ந்தார்கள்.