பெயரில்லா முகங்கள்

பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் துயில்கிறார். உருவப் புகைப்படத்தைக் கலையின் நிலைக்கு உயர்த்தியவர் என உலகம் போற்றும் ஆங்கிலப் பெண்மணி அவர். தோட்ட முதலாளியான கணவருடன் 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியிலே உயிர் நீத்தார்.

இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்கள் டார்வின், டெனிசன், ஹெர்ஷல் எனப் பெயர் சொல்லி நிற்கின்றன. இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1878இல் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், அவளுடைய தந்தை எனக் கூறும் முதியவர் தமக்கு நூறு வயது எனச் சொல்கிறார் என்றும் காண்கிறோம். வயதைக் கேட்டு எழுதிய கை பெயரை எழுதவில்லை.

கலைஞரே இவ்வாறெனில் வணிகர்களைக் கேட்பானேன்? ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே முதலிய நிறுவனங்கள் மலைநாட்டுக் காட்சிகளைப் பெருவாரியாக விற்றன. அவற்றில் துரைமாருக்குப் பெயருண்டு, தோட்டத்துக்குப் பெயருண்டு. கூடை சுமந்தவள் வெறும் ‘தமிழ்ப் பெண்’, ஆண்கள் ‘கூலிகள்’. அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் லகோட்டா மக்களின் நிலம் பறிக்கப்பட்டது. அவர்களுடைய தலைவர் சிட்டிங் புல் 1890இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும் அவருடைய படங்கள் அவர் பெயராலேயே விற்பனையாயின. எதிர்த்துப் போரிட்ட தலைவனின் பெயருக்குச் சந்தையில் விலையிருந்தது. கொழுந்து பறித்தவளின் பெயருக்கு அதுவும் இல்லை.

அப்பெயர்களைத் தோட்டம் அறியாதிருந்ததா? நன்கு அறிந்திருந்தது. காலைப் பிரட்டில் கூப்பிட்டது, செக்றோலில் எழுதியது. மலையக வழக்கில் ‘பேர்’ என்றாலே ஒரு நாட்கூலி. குறைவாகப் பறித்தவளுக்கு ‘அரைப் பேர்’. கங்காணியின் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தது. கூலியைக் குறைக்கவும் கடனைக் கட்டவும் பயன்பட்ட பெயர் படத்தின் அடியில் இடம்பெறவில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946க்கு முன் ஏழு அல்லது பத்து ஆண்டுகள் இடையறாது இங்கு வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டது. மூன்று தலைமுறைக்கு முன்பே இம்மண்ணில் நின்ற பாட்டிமாரின் முகங்கள் சீமையின் ஆல்பங்களில் இருந்தன. பெயரில்லாத முகம் எந்தப் பேரனுக்குச் சாட்சி சொல்லும்? எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அப்படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் பாதுகாப்பாக உள்ளன. பழைய செக்றோல்களையும் லயத்து முதியோரின் நினைவுகளையும் திரட்டும் பணி மலையகத்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் சார்ந்தது. எல்லா முகங்களுக்கும் பெயர் கிட்டாது. ஆயினும் கிட்டும் ஒவ்வொரு பெயரையும், இம்முறை முழுப் பெயராகவே, நாம் எழுதி வைப்போம்.