மூன்று நிமிடச் சட்டம்: ஹாங்காங்கில் இன்ஜினை அணைக்கச் சொன்ன கதை

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பதைத் தடுக்கும் சட்டங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். நியூயார்க், டொரொன்டோ போன்ற நகரங்களில் இது பழைய விஷயம். ஆனால் அதெல்லாம் குளிர் பிரதேசம். வெயில் கொளுத்தும் ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன ஆகும்? அதற்கு ஹாங்காங்கின் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

ஹாங்காங்கில் காஸ்வே பே, மோங் காக் போன்ற பகுதிகளில் தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் உயர உயரமான கட்டடங்கள். புகை கலைந்துபோக இடமே இல்லை. நிற்கிற வண்டி விடும் புகை, நடைபாதையில் போகிறவர் மூக்குக்குத்தான் போகும். 2000-ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு தடை யோசனையோடு மக்களிடம் கருத்துக் கேட்டது. போக்குவரத்துத் தொழிலில் இருந்தவர்கள் எதிர்க்கவே, விஷயம் விழிப்புணர்வுப் பிரச்சாரத்தோடு நின்றுபோனது. 2007 நவம்பரில் அரசு மறுபடியும் அதைக் கையில் எடுத்தது.

டிரைவர்கள் தரப்பை லேசாக ஒதுக்கிவிட முடியாது. கோடையில் ஏசியை நிறுத்தினால் கார் கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். டாக்சிக்காரர் அதற்குள்ளேயே உட்கார்ந்து சவாரிக்குக் காத்திருக்க வேண்டும். சூடான வண்டியில் ஏற வாடிக்கையாளரும் யோசிப்பார். போதாததற்கு, டாக்சிகள் 2000-களின் தொடக்கத்திலேயே டீசலை விட்டு எல்.பி.ஜி.க்கு மாறியிருந்தன.

எதிர்த் தரப்பில் சுற்றுச்சூழல் அமைப்புகள் இருந்தன. அவர்கள் வாதத்தைச் சுருக்கினால் இதுதான்: உள்ளே ஒருவருக்குக் குளிர்ச்சி கிடைக்க, அந்தச் சூட்டையும் புகையையும் வெளியே போகிற எல்லோரும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? இதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

கடைசியில் 2011 மார்ச்சில் சட்டம் நிறைவேறி, டிசம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. எந்த 60 நிமிடத்தை எடுத்துக்கொண்டாலும், நிற்கும் வண்டியின் இன்ஜின் மொத்தம் 3 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. மீறினால் 320 ஹாங்காங் டாலர் அபராதம். ஆறே மாதத்தில், 2012 ஜூனில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. வெறும் எரிச்சல் பிரச்சினை அல்ல என்பது அப்போது இன்னும் தெளிவானது.

ஆனால் சட்டத்தில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது விதிவிலக்குகள்தான். டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் டாக்சிகளுக்கு விலக்கு. மினிபஸ்களுக்கும், பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்ட சுற்றுலாப் பேருந்துகளுக்கும் தனித்தனி விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வானிலை மையம் கடும் வெப்ப எச்சரிக்கையோ பெருமழை எச்சரிக்கையோ விடுத்த நாளில் தடையே கிடையாது.

அமலாக்கமும் லேசான வேலை இல்லை. அதிகாரி பக்கத்தில் நின்று மூன்று நிமிடம் கணக்கெடுக்க வேண்டும். அவரைப் பார்த்ததும் சாவியைத் திருப்பிவிட்டால் முடிந்தது கதை!

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஹாங்காங்கில் 33 டிகிரியைத் தொட்டாலே அது ‘மிக வெப்பமான நாள்’. 2021-இல் அப்படி 54 நாட்கள். அதுவரை பதிவானதில் அதுதான் அதிகம். ஊர் சூடாகச் சூடாக எச்சரிக்கை நாட்கள் கூடும், சட்டம் தூங்கும் நாட்களும் கூடும். புகையைக் குறைக்க வந்த சட்டம், ஏசி அதிகம் ஓடும் நாளில்தான் விலகி நிற்கிறது.

அதற்காக அந்த விலக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். 34 டிகிரியில் ஒரு மனிதரைக் காருக்குள் வேகவைப்பது நியாயமில்லை. ஆனால் பத்தாண்டு விவாதத்தின் முடிவில் கிடைத்தது, யாருக்கு எப்போது விலக்கு என்ற பட்டியல். டாக்சிக்காரர் சவாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நிழலாக, காற்றோட்டமாக உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இல்லை. அது இருந்திருந்தால் பாதி வண்டிகளின் இன்ஜின் அபராதம் இல்லாமலே நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெயில் ஊரில் இனி யார் இப்படிச் சட்டம் கொண்டுவந்தாலும், முதலில் அந்த நிழலுக்கு வழி செய்துவிட்டு நிமிடக் கணக்குக்குப் போகட்டும்.