மொன்றியல் வாடகை வீடுகளில் தெள்ளுத் தொல்லை

தெள்ளு (தெள்ளுப்பூச்சி) இரத்தம் குடித்து வாழும் சிறகற்ற பூச்சி. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர், நிறம் செம்பழுப்பு. இரு பக்கமும் அமுக்கிவிட்டது போன்ற உடல், ஆகவே உரோமத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். பேனைப் போல நகத்தில் குத்திக் கொல்வது கடினம். சீப்பால் வாரி எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவதே வழக்கம். மொன்றியல் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது பூனைத் தெள்ளு. பெயரில் பூனை இருந்தாலும் நாயிலும், பல்கனிக்கு அடியில் குடியிருக்கும் ரக்கூனிலும் அது வாழும்.

கடி கண்டதும் இந்நகரத்தார் முதலில் நினைப்பது மூட்டைப்பூச்சியை. மூட்டைப்பூச்சி தாவாது, படுக்கையை ஒட்டியே இருக்கும். தெள்ளு தாவும், கடி கணுக்காலைச் சுற்றியே மிகுதி. முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தால் கரும்புள்ளிகள் ஏறுவது தெரியும். விலங்கின் உரோமத்திலிருந்து உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும். அது தெள்ளின் கழிவு. உள்ளே இருப்பது காய்ந்த இரத்தம்.

கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிந்து ஜூலை 1இல் தொடங்குகின்றன. ஒரே நாளில் நகரத்தின் ஒரு பகுதி பெட்டிபடுக்கையோடு வெளிமாடிப்படிகளில் ஏறி இறங்குகிறது. தெள்ளுக்கும் அது நல்ல பருவம். பூனையோடு இருந்தவர்கள் போய், சில வாரம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் பூனையே வளர்க்காத மூவர் நுழைந்து, அன்று மாலையே காலைச் சொறிந்துகொண்டு நிற்பதன் காரணம் தெள்ளின் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது.

பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது ஐம்பது முட்டைகள்வரை இடும். அவை விலங்கில் ஒட்டாமல் அது படுக்கும் இடமெல்லாம் உதிரும். 2 முதல் 10 நாளில் வெளிவரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கம்பளத்தின் அடிக்கும் பலகைத் தரையின் இடுக்குக்கும் போய்விடும். தாய்த் தெள்ளின் கழிவே அதன் உணவு. பிறகு அது தூசி ஒட்டிய பட்டுக்கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் வளர்ந்து முடிந்த தெள்ளு உடனே வெளியே வர வேண்டியதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வு, உடற்சூடு, மூச்சில் வரும் கரியமிலவாயு ஆகியவற்றை உணர்ந்ததும் வெளியே குதிக்கும். புதிய வாடகைக்காரர் சோபாவைத் தூக்கிக்கொண்டு நடப்பதே அதற்கு அழைப்பு.

கண்ணில் படும் தெள்ளு மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி முட்டையும் புழுவும் கூடுமாக வீடெங்கும் கிடக்கும். அதனால்தான் பகிர்ந்து வாழும் வீட்டில் தெள்ளை ஒழிப்பது கடினமாகிறது. பூனை ஒருவருடையது, சோபா எல்லாருடையது, மூடிய அறைகள் தனித்தனி. ஒருவர் தன் அறையை மட்டும் சுத்தம் செய்வது தெள்ளை அடுத்த அறைக்கு விட்டுவைப்பதுதான். எல்லா அறையையும் ஒரே நாளில் திறந்து, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்து, உலர்த்தியில் போட்டு, அன்றே விலங்கு மருத்துவர் தந்த மருந்தை வீட்டிலுள்ள எல்லா விலங்குக்கும் போட வேண்டும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் அது செத்துப்போகலாம்.

வாக்கியூம் கிளீனரைப் பலர் மதிப்பதில்லை, அது தவறு. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹிங்க், நீடம் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அதன் உள்ளே போன வளர்ந்த தெள்ளுகளில் சராசரியாக 96 விழுக்காடு செத்தன; புழுக்களும் கூட்டுப்புழுக்களும் முழுவதுமே செத்தன. அதிர்வு, கூட்டுக்குள் இருப்பவற்றையும் வெளியே வரவைக்கும். தெளிக்கும் நஞ்சு பட்டுக்கூட்டுக்குள் நன்றாக இறங்காது. ஆகவே, பூச்சி ஒழிப்பாளர் வந்துபோய் இரண்டு வாரம் கழிந்தும் தெள்ளு தென்பட்டால் வேலை கெட்டுவிட்டது என்று பொருளில்லை. புழு வளர்வதைத் தடுக்கும் மெத்தோபிரீன் போன்றவை கலந்த மருந்து இந்தக் காத்திருப்புக் காலத்துக்காகவே.

தெள்ளு என்றதும் பிளேக் நோயை நினைத்து அஞ்சுபவர்கள் உண்டு. 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் போல்-லூயி சிமோன் எலித் தெள்ளு வழியே பிளேக் பரவுவதைக் காட்டினார். அது வேறு இனம். பூனைத் தெள்ளால் வருபவை அரிப்பும், விலங்குகளுக்கும் சில வேளை குழந்தைகளுக்கும் நாடாப்புழுவும், பூனைக்குப் பூனை பரவும் பார்ட்டொனெல்லாக் கிருமியும்.

கியூபெக் குடியியல் சட்டத்தின் 1910, 1911ஆம் பிரிவுகளின்படி வீட்டுக்காரர் குடியிருக்கத் தக்க, சுத்தமான வீட்டைத் தர வேண்டும். வாடகைக்காரர் அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தொல்லையைக் கண்டவர் நியாயமான காலத்துக்குள் அறிவிக்கக் கடமைப்பட்டவர் (1866). 2003இல் மொன்றியல் நகரசபை கொண்டுவந்த குடியிருப்புச் சுகாதார விதியும் பூச்சித் தொல்லையை உள்ளடக்கும். முறையிட 311ஐ அழைக்கலாம். எழுத்தில் அறிவித்தும் பலனில்லையென்றால் குடியிருப்பு நிர்வாகத் தீர்ப்பாயம் வாடகைக் குறைப்பும் இழப்பீடும் வழங்கலாம். 2020வரை அதன் பெயர் 'ரெஜி'. பலர் வாயில் இன்னும் அதுவே. தானாக வாடகையை நிறுத்துவது மட்டும் கூடாது, அது வாடகைக்காரர் மீதே வழக்காகும்.

யார் பூனையால் வந்தது என்ற அறைத்தோழர் சண்டை அத்தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வராது. சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கே போக வேண்டும். அங்கே நிரூபிப்பது எளிதல்ல, கடித்த தெள்ளு எந்த அறையில் பொரித்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

குளிர்காலம் வெளியிலுள்ள தெள்ளைப் பெரும்பாலும் கொன்றுவிடும். சூடேற்றிய வீட்டுக்குள் அப்படியில்லை. ஆனால் ஹீட்டர் காற்றை உலர்த்துவதால், ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் புழுக்கள் காய்ந்து சாகின்றன. குளிக்கும் அறையை ஒட்டிய மூலைகளிலும் நிலக்கீழ் அறைகளிலும் ஈரம் நிற்கும். ஜனவரியில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களைக் கதவருகிலேயே கடிப்பவை அந்த இடங்களில் காத்திருந்தவையாகவும் இருக்கலாம்.