துப்பாக்கி சுடுதல் விளையாட்டுத் தூதர்கள்

துப்பாக்கி சுடுதல் விளையாட்டுத் தூதர்கள் எனப்படுவோர், துப்பாக்கி சுடுதலை ஒழுங்கும் பாதுகாப்பும் மிக்க ஒரு விளையாட்டாகப் பொதுமக்களிடம் அறிமுகப்படுத்தும் புகழ்பெற்றவர்கள் ஆவர். இவர்களுள் சிலர் விளையாட்டு அமைப்புகளால் முறைப்படி நியமிக்கப்பட்டவர்கள். பெரும்பாலோர் பதவி எதுவும் இன்றித் தம் வெற்றியாலோ புகழாலோ இப்பணியைச் செய்தவர்கள். இந்தியாவில் இவ்விளையாட்டின் மதிப்பு உயர்ந்ததற்கு இரண்டாம் வகையினரே முதன்மைக் காரணமாக விளங்கினர்.

பின்னணி

துப்பாக்கி என்பது பெரும்பாலான மக்களின் மனத்தில் படை, காவல்துறை, வேட்டை, குற்றம் ஆகியவற்றுடன் இணைந்த கருவியாகும். பந்தையோ மட்டையையோ பார்ப்பது போல அதை ஒரு விளையாட்டுக் கருவியாகப் பார்ப்பது எளிதன்று. தமிழ்நாட்டில் செஞ்சி போன்ற கோட்டை ஊர்களில் சுடுகருவிகள் போர் வரலாற்றின் பகுதியாகவே நினைவுகூரப்படுகின்றன. அதே செஞ்சிக்கு அருகில் உள்ள மேல்சித்தாமூர், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊராகும். இத்தகைய சூழலில், இவ்விளையாட்டில் எவ்வுயிருக்கும் தீங்கு இல்லை என்பதே முதலில் விளக்கப்பட வேண்டியதாகிறது.

இவ்விளையாட்டு 1896 ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்றது. 1904, 1928 ஆகிய ஆண்டுகள் தவிர ஏனைய கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகள் அனைத்திலும் நடத்தப்பட்டுள்ளது. 1900 ஆம் ஆண்டு பாரிசில் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டியும் நடைபெற்றது. பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டு, காற்றில் எறியப்படும் களிமண் தட்டுகளே இலக்குகளாயின.

இன்று பரவலாகப் பயிலப்படும் பிரிவு 10 மீட்டர் காற்று ரைபிள் ஆகும். இதில் வெடிமருந்து பயன்படுத்தப்படுவதில்லை. அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மி.மீ. விட்டமுள்ள ஈயக் குண்டு செலுத்தப்படுகிறது. இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளிக்குரிய பகுதியின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. மூச்சையும் நாடித்துடிப்பையும் அடக்கி ஆளும் பயிற்சியே இங்கு வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் தூதர்களின் வரலாறு

அரச குடும்பத்தினர்

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் அப்போதைய மக்களவைத் தலைவர் க. வா. மாவலங்கர் ஆவார். தொடக்க காலத்தில் இவ்விளையாட்டின் முகமாக விளங்கியவர் பிகானேர் மகாராசா கர்ணி சிங். இவர் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1962 இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1952 முதல் 1977 வரை மக்களவை உறுப்பினராகவும் இருந்தார். இவரால் விளையாட்டுக்கு மதிப்பு கிடைத்தது. எனினும் இது மன்னர்களுக்கும் செல்வர்களுக்கும் உரியது என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது.

பதக்கம் வென்றோர்

இந்த எண்ணத்தைப் படிப்படியாக மாற்றியவர்கள் பின்வந்த வீரர்கள் ஆவர்.

அஞ்சலி பகவத்: 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார். இவருக்குப் பின் பெண்கள் பலர் இவ்விளையாட்டிற்கு வந்தனர்.

ராஜ்யவர்தன் சிங் ராத்தோர்: படை அதிகாரி. 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் இரட்டை டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். பின்னர் இந்திய அரசின் விளையாட்டுத் துறை இணை அமைச்சராகப் பணியாற்றினார்.

அபினவ் பிந்த்ரா: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் இதுவாகும்.

விஜய் குமார், ககன் நரங்: 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் முறையே வெள்ளி, வெண்கலம் வென்றனர். நரங் சென்னையில் பிறந்தவர்.

மனு பாக்கர்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டியில் ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் போட்டியில் ஒன்றுமாக இரு வெண்கலங்களை வென்றார். விடுதலைக்குப் பின் ஒரே ஒலிம்பிக்கில் இரு பதக்கங்கள் வென்ற முதல் இந்தியர் இவரே.

சுவப்னில் குசாலே: அதே போட்டியில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றார். ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர்.

மகாராசாவில் தொடங்கிய இவ்வரிசை பயணச்சீட்டுப் பரிசோதகர் வரை வந்தது குறிப்பிடத்தக்கது.

சோக்ரி கிராமத்து மூதாட்டிகள்

உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் உள்ள சோக்ரி கிராமத்தைச் சேர்ந்த சந்திரோ தோமர், அறுபது வயதைக் கடந்த பின் 1999 இல் துப்பாக்கி சுடப் பழகத் தொடங்கினார். பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற இடத்தில் தற்செயலாகச் சுட்டதே இதன் தொடக்கம். அவருடைய உறவினரான பிரகாசி தோமரும் இணைந்தார். மூத்தோர் போட்டிகளில் இருவரும் பல பதக்கங்கள் பெற்றனர். இவர்களைப் பற்றிய இந்தித் திரைப்படம் 2019 இல் வெளிவந்தது. சந்திரோ தோமர் 2021 இல் கோவிட் தொற்றால் காலமானார்.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டின் பால் பொதுமக்களின் கவனத்தை ஈர்த்தவர்களுள் திரைப்பட நடிகர் அஜித் குமார் குறிப்பிடத்தக்கவர். இவர் அதிகாரபூர்வத் தூதர் அல்லர், போட்டியாளராகவே பங்கேற்றார். 2021 இல் சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் பெற்றார். 2022 இல் திருச்சிராப்பள்ளியில் நடந்த மாநிலப் போட்டியின்போது இவரைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. பொதுவாக நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஓரிரு வரிகளில் முடியும் மாநிலப் போட்டி, இதனால் முதன்மைச் செய்தியானது.

கடலூரில் 1999 இல் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நரங்கின் பயிற்சி மையத்தில் உருவானவர். 2019 இல் ரியோ டி செனீரோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்று, பின்னர் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2023 இல் காங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர்.

முறைப்படியான நியமனமும் விமர்சனமும்

2016 ரியோ ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் நல்லெண்ணத் தூதராக நடிகர் சல்மான் கானை இந்திய ஒலிம்பிக் சங்கம் நியமித்தது. விளையாட்டு வீரரை விடுத்துத் திரைப்பட நடிகரை நியமித்ததை ஓட்ட வீரர் மில்கா சிங், மல்யுத்த வீரர் யோகேசுவர் தத் ஆகியோர் கண்டித்தனர். இதன்பின் அபினவ் பிந்த்ரா, சச்சின் டெண்டுல்கர், ஏ. ஆர். ரகுமான் ஆகியோரும் தூதர்களாகச் சேர்க்கப்பட்டனர்.

இவ்விவாதம் தூதர்களின் பயன் குறித்த அடிப்படை வேறுபாட்டைக் காட்டுகிறது. புகழை மட்டும் கொண்டுவரும் தூதர் கூட்டத்தைச் சேர்க்கிறார். தானே களத்தில் நின்று சுடுபவரோ விளையாட்டின் விதிகளையும் கடும் உழைப்பையும் கண்கூடாகக் காட்டுகிறார்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் 1996 இல் டன்பிளேன் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்ட பின், 1997 இல் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. அதனால் அந்நாட்டுக் கைத்துப்பாக்கி வீரர்கள் சிலர் வெளிநாடு சென்று பயில நேர்ந்தது. ஒரு கொடுஞ்செயலின் பின்விளைவு விளையாட்டையும் பாதிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் திகேச், தென்கொரியாவின் கிம் யெச்சி ஆகியோரின் படங்கள் இணையத்தில் உலகெங்கும் பரவின. சிறப்புக் கருவிகள் அதிகமின்றி, ஒரு கையைச் சட்டைப்பையில் இட்டு நின்ற திகேசின் இயல்பான தோற்றம் இவ்விளையாட்டை அறியாதவரையும் ஈர்த்தது.

எல்லைகள்

தூதர்களின் புகழால் மட்டும் ஒரு விளையாட்டு நிலைபெறுவதில்லை. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் இந்தியா துப்பாக்கி சுடுதலில் 16 பதக்கங்கள் வென்றது. ஆயினும் 2022 பர்மிங்காம் போட்டியில் இவ்விளையாட்டு சேர்க்கப்படவில்லை. கிளாஸ்கோவின் 2026 ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இதற்கு இடம் தரப்படவில்லை.

செலவு மற்றொரு தடையாகும். துப்பாக்கி, குண்டுகள், தடித்த சிறப்பு உடை, சுடுதளம் ஆகிய அனைத்தும் தேவை. பிந்த்ராவிற்கு அவர் தந்தை வீட்டிலேயே சுடுதளம் அமைத்துக் கொடுத்தார். இவ்வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்நிலையில் நரங் 2011 இல் புனேயில் தொடங்கிய பயிற்சி மையம், தூதர் பணியின் பயனுள்ள வடிவமாகக் கருதத்தக்கது. தொலைக்காட்சியில் பதக்கத்தைக் கண்டு ஆர்வம் கொள்ளும் சிறுவருக்கு அடுத்த நாள் சென்று பழக ஓர் இடம் இருந்தால்தான் அவ்வார்வம் நிலைக்கும். இளவேனில் அத்தகைய ஓர் இடத்திலிருந்து வந்தவர்.

இவற்றையும் பார்க்கவும்

ஒலிம்பிக்கில் இந்தியா
அபினவ் பிந்த்ரா
இளவேனில் வாலறிவன்
மேல்சித்தாமூர்