டைனமோ பொறுத்தது, பற்றரி பொறுக்காது



சென்ற வாரம் எங்கள் மாணவன் ஒருவன் விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்காக வாப்பாவின் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்தான். சின்ன எல்.ஈ.டி. விளக்குகளை மெல்லிய வயரால் இணைக்கும்போது இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டன. வயர் சிவந்து, உறை உருகி, விரலைச் சுட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இதைக் கேட்ட அயலிலுள்ள ஐயா ஒருவர், "சண்டைக்காலத்தில நாங்கள் சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள், ஒண்டும் நடக்கேல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. அப்போது ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இந்தப் பதிவு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. எரிபொருளுக்கும் டோர்ச் பற்றரிக்கும் தடை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று மக்களில் பலர் புத்தளம் முகாம்களில் குப்பி விளக்கோடு இருந்தார்கள். வன்னியில் இருந்த தமிழ்ச் சகோதரர்களுக்கும் குப்பி விளக்குத்தான். அதனால் டைனமோக் கதையை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. மீள்குடியேறிய பிறகு அயலவர் சொல்லித்தான் அறிந்துகொண்டோம்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவுதான். அதிலிருந்து வருவது ஆடலோட்டம். இருவாயிகளையும் கொள்ளளவியையும் பொருத்தி அதை நேரோட்டமாக்கினால்தான் ரேடியோ பாடும். பல்கலைக்கழகம் போகாத எத்தனையோ பேர் அதைச் செய்தார்கள்.

அந்த டைனமோவின் அமைப்பே ஒரு பாதுகாப்பு. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அரை அம்பியர் அளவில்தான் ஓட்டம் வரும். முனைகள் தொட்டாலும் வயர் எரியாது. பிழையாக இணைத்தவருக்கும் காயம் வரவில்லை.

வாகனப் பற்றரி அப்படி இல்லை. 1859 இல் பிரான்சின் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலக் கலத்தின் பேரப்பிள்ளை அது. இரண்டு வோல்ற்றுக் கலங்கள் ஆறு சேர்ந்து 12 வோல்ற்று. எஞ்சினை உதைத்துக் கிளப்புவதற்காக ஒரே நொடியில் பெரும் ஓட்டத்தைக் கொடுக்கவே செய்யப்பட்டது. முனைகள் தொட்டால் மோட்டார் சைக்கிளின் சிறிய பற்றரிகூட நூறு அம்பியருக்கு மேல் தள்ளும். 12 வோல்ற்று ஆளை அடிக்காது என்பது சரி. ஆனால் வயரை எரிக்கும், வயர் வீட்டை எரிக்கும்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறந்தபோது பொருட்கள் வந்தன. 2006 ஓகஸ்ட்டில் பாதை மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்த பின்னர்தான் மின்கம்பிகள் படிப்படியாக ஊர்களுக்குள் வந்தன. இன்று பற்றரிக்குத் தட்டுப்பாடு இல்லை. கவனத்துக்குத்தான் தட்டுப்பாடு.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே ஓர் உருகி போடுங்கள். பிள்ளைகளின் சிறிய வேலைக்கு ஓர் அம்பியர் உருகி தாராளம். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ற்று 14 ஆக ஏறும். ஆகவே 5 வோல்ற்றுச் சுற்றை நேரடியாகக் கொடுக்காமல், போன் சார்ஜ் பண்ணும் வாகனச் சார்ஜர் வழியாகக் கொடுங்கள். கழற்றும்போது மறை முனையை முதலில், பூட்டும்போது கடைசியில். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

யாருடைய வீட்டிலாவது அந்தக் காலத்து டைனமோ கிடந்தால் எங்களுக்குத் தந்துதவுங்கள். வகுப்பில் டைனமோவையும் பற்றரியையும் பக்கத்தில் வைத்து, நடுவில் ஓர் உருகியையும் வைத்துக் காட்டப்போகிறோம். ஐயாவையும் வந்து பெடல் சுற்றச் சொல்லியிருக்கிறோம். வருவதாகச் சொன்னார்.