பேரேடு யார் கையில்? விடுதலை பெற்றோர் வங்கியின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவுகளில் நாம் தலைவர்களைப் பற்றிப் பேசுகிறோம். இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறோம். இன்று ஒரு வங்கியைப் பற்றிப் பேசுவோம். நிதித்துறையின் அறம் கணக்காயர்களின் தேர்வுப் பாடம்தானே, ஒடுக்கப்பட்டோர் அரசியலுக்கு அதில் என்ன வேலை என்று தோன்றலாம். 1865 முதல் 1874 வரை அமெரிக்காவில் இயங்கிய ‘விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி’யின் கதையைக் கேட்டபின் அப்படித் தோன்றாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களில் பலர் அங்கேதான் வாழ்வில் முதன்முறையாகக் கூலிப் பணத்தைக் கையில் வாங்கினார்கள். அதைப் பத்திரப்படுத்த இடமில்லை. ஏமாற்றிப் பறிக்க ஆட்கள் இருந்தார்கள். ஜான் ஆல்வோர்டு என்ற பாதிரியாரின் முயற்சியில், 1865 மார்ச் 3 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே இந்த வங்கி பிறந்தது. சேரும் வைப்புத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கையாவது அரசுக் கடன் பத்திரங்களில்தான் போட வேண்டும் என்றது சட்டம். சேமிப்பைக் காப்பது மட்டுமே வங்கியின் வேலை. கடன் கொடுத்து லாபம் பார்ப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

ஐந்து சென்ட் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். கணக்குத் தொடங்க வந்தவரின் பெயர், பிறந்த இடம், முன்னாள் எஜமானின் பெயர், துணைவர், பிள்ளைகள், பெற்றோர், விற்கப்பட்டுப் பிரிந்துபோன உடன்பிறந்தோர் என எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதே மக்கள் பண்ணையாரின் பேரேட்டில் மாடு, கலப்பைகளோடு விலை போட்டு எழுதப்பட்டிருந்தார்கள். இப்போது கணக்கின் உரிமையாளர்களாகத் தங்கள் பெயரை எழுத வைத்தார்கள். அந்த வங்கிக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் சேமிப்பு என்பது குடியுரிமையின் ஒரு வடிவம்.

வங்கி 37 கிளைகளாக வளர்ந்தது. பாஸ்புக்கில் லிங்கன் படம் இருந்தது. அரசே இந்தப் பணத்துக்குப் பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள். வங்கியின் ஆட்கள் அந்த நம்பிக்கையை வளர்த்தார்கள். உண்மையில் அரசு எந்த உத்தரவாதமும் தரவில்லை. முதல் அறங்காவலர் குழுவில் இருந்த 50 பேரும் வெள்ளையர்கள். பின்னர் கறுப்பினத்தார் சிலர் சேர்க்கப்பட்டார்கள். ஆனாலும் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவு வாஷிங்டனில் இருந்த சிறிய நிதிக்குழுவின் கையிலேயே இருந்தது.

1870இல் சட்டம் திருத்தப்பட்டது. நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கலாம் என்றானது. நிதிக்குழுவின் தலைவர் ஹென்றி குக். அந்தக் காலத்தின் பெரிய நிதி முதலாளியான ஜே குக்கின் தம்பி. ஹென்றி குக்குக்குத் தொடர்புடைய செனிகா மணற்கல் நிறுவனத்துக்கே வங்கிப் பணம் கடனாகப் போனது. ஈடாகக் காட்டிய பத்திரங்களுக்கு மதிப்பில்லை. பருத்திக் காட்டிலும் சலவைத் துறையிலும் உழைத்துச் சேர்த்த காசு, தலைநகரின் ஒப்பந்தக்காரர்களுக்கும் நில வியாபாரிகளுக்கும் முதலாகியது. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதைத்தான் இன்றைய நிதித்துறை ‘நலன் முரண்’ என்கிறது.

1873 செப்டம்பரில் ஜே குக்கின் நிறுவனம் திவாலானது. நாடெங்கும் நெருக்கடி, வங்கி வாசல்களில் கூட்டம். அப்போதுதான், 1874 மார்ச்சில், ஃபிரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமை ஒழிப்பின் மாபெரும் குரலாக நின்றவர் அவர். வங்கியை நம்பித் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைக் கடனாகவும் கொடுத்தார். கணக்குகளைப் புரட்டிய பிறகே அது உள்ளீடற்றுக் கிடப்பது அவருக்குத் தெரிந்தது. அறங்காவலர்களில் சிலர் தங்கள் சொந்தப் பணத்தை முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதைத் தன் வரலாற்று நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். உண்மையை அவர் செனட்டின் நிதிக்குழுவிடம் சொன்னார். 1874 ஜூன் இறுதியில் வங்கியை மூட முடிவெடுக்கப்பட்டது.

கணக்கு வைத்திருந்தவர்கள் 61,144 பேர். அவர்களுக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 30 லட்சம் டாலர். உரிமை கோரியவர்களுக்கு 1883 வரை தவணை தவணையாக 62 விழுக்காடு கிடைத்தது. பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடிமையாகப் பிறந்து செனட்டரான பிளான்ச் புரூஸ் தலைமையில் ஒரு குழு விசாரித்து 1880இல் அறிக்கை தந்தது. மீதியை அரசே ஈடுசெய்ய வேண்டும் என்ற மசோதாக்கள் நிறைவேறவில்லை. பணத்தோடு சேமிக்கும் நம்பிக்கையும் போனதுதான் பெரிய இழப்பு என்று டு போய்ஸ் பின்னர் கணித்தார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கறுப்பின மக்களின் பெயர் வங்கியின் பலகையில் இருந்தது. அவர்களின் காசு பெட்டியில் இருந்தது. கடைசியில் அவர்களின் ஆகப் பெரிய தலைவரின் முகமும் தலைவர் நாற்காலியில் இருந்தது. பேரேடு மட்டும் வேறு கைகளில் இருந்தது. பிரதிநிதித்துவம் நமது உரிமை. அதை விட்டுத்தர முடியாது. ஆனால் கணக்கைப் பார்க்கவும் செலவைத் தடுக்கவும் அதிகாரமில்லாத பிரதிநிதித்துவம், பிறர் செய்த திவாலுக்கு நம் பெயரைக் கொடுப்பதில் போய் முடியும்.

1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதிய அம்பேத்கர், இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்த பொருளியலாளரும் அவர்தான். அந்த ஒப்புமை கணக்கேடுகளிலும் தொடர்கிறது. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென்று 789 என்ற தனிக் கணக்குத் தலைப்பும் உண்டு. அப்படியிருந்தும் டெல்லியில் இந்த நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பப்பட்டது. அது தவறு என்று ஒன்றிய உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். பெயர் நம்முடையது, பணம் நம்முடையது, முடிவு மட்டும் வேறு யாருடையதோ.

ஆகவே மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: கவிதை படிப்பதைப் போலவே வரவு செலவு அறிக்கையையும் படிக்கப் பழகுங்கள். 789 என்ற தலைப்பின் கீழ் உங்கள் மாவட்டத்துக்கு என்ன வந்தது, எங்கே போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த 61,144 பேருக்கு அப்படிக் கேட்கும் சட்டம் இருக்கவில்லை. நமக்கு 2005 முதல் இருக்கிறது.