மொட்டை மாடியிலிருந்து கடைசி அறை வரை

தூத்துக்குடியில் ஆண்டெனா மாட்டிப் பிழைத்தவன் நான். இப்போது அதே தெருக்களில், வைஃபை எடுக்காத அறைகளுக்கு வழி செய்து கொடுக்கிறேன். இரண்டும் வேறு வேறு தொழில் என்கிறான் என் மகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அதன் அலை எங்கள் ஊர் வரை எட்டாது. எங்களுக்கு டிவி கடல் தாண்டி வந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி ஆரம்பமானது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகல மலையில். மலையின் உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து எங்கள் ஊர் சுமார் 350 கிலோமீட்டர். சாதாரணமாக அவ்வளவு தூரம் வராது. ஆனால் கடல்மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை வளைந்து வந்து சேரும். புழுக்கமான சாயங்காலம் என்றால் படம் பளிச்சென்று விழும். காற்று மாறினால் திரை முழுக்கப் புள்ளி. அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

நாங்கள் மாட்டிய அலுமினிய ஆண்டெனா, 1926-இல் ஜப்பானில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் கண்டுபிடித்தது. பின்னால் ஒரு ரிஃப்ளெக்டர், நடுவே டைபோல், முன்னால் வரிசையாக டைரக்டர் கம்பிகள். அது எந்தச் சக்தியையும் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒரு திசைக்கு மட்டும் காதைக் கொடுத்து மற்றவற்றுக்குப் பொத்திக்கொள்ளும். உப்புக் காற்றில் டைபோலின் திருகு பச்சை பூத்துவிடும். பாதிப் பழுது அங்கேதான். சுரண்டிவிட்டு கிரீஸ் தடவினால் படம் திரும்பிவிடும்.

பூஸ்டர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பூஸ்டரை ஆண்டெனாவுக்கு அருகிலேயே, கம்பத்தின் உச்சியில் கட்டுவோம். அதற்கான மின்சாரம் கீழே டிவி பக்கத்திலிருந்து அதே கேபிள் வழியே மேலேறும். “மேல ஏறி எறங்கச் சங்கடமா இருக்கு அண்ணாச்சி, டிவிக்குப் பின்னாலயே வச்சிருங்களேன்” என்பார்கள். வைக்கலாம். ஆனால் நீளமான கேபிளில் தேய்ந்து இறங்கிய சிக்னலை அங்கே பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்தே பெருகும். புள்ளிகள் இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் பிடி, அங்கிருந்து கம்பியில் கொண்டுபோ. எங்கள் தொழிலின் முழுப் பாடமும் இதுதான்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தது. ஆண்டெனாக் குழாய்கள் துணி காயப்போடும் கம்பங்களாயின.

வைஃபையின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் அலைவரிசை உட்பட மூன்று பட்டைகளில் உரிமம் இல்லாமலே தகவல் அனுப்பலாம் என்று அமெரிக்கா 1985-இல் திறந்துவிட்டது. முதல் வைஃபை தரம் 1997-இல் வந்தது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுதாக உரிமம் நீங்கியது 2005-இல். உரிமம் வேண்டாம் என்றால் சக்திக்கு வரம்பு உண்டு. டிவி கோபுரம் கிலோவாட் கணக்கில் அனுப்பும். வீட்டு ரவுட்டர் ஏறக்குறைய ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அதிலும் டிவி ஒருவழிப் பேச்சு. வைஃபையில் செல்போனும் பதில் பேசியாக வேண்டும். அதன் குரல் ரவுட்டரைவிடச் சன்னம். ஆகவே நாலு கொம்பு, ஆறு கொம்பு வைத்த ரவுட்டருக்குக் காசு கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். முன் ஹாலில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர். பேத்தி படிக்கும் அறையோ சமையற்கட்டையும் தாண்டிக் கடைசியில். அந்த அறையிலேயே ஒரு ரிப்பீட்டர் மாட்டியிருந்தார்கள். “கட்டம் நாலும் நிறைஞ்சிருக்கு அண்ணாச்சி, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது” என்றார். போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே சிக்னல் அருமை. ரிப்பீட்டருக்கு வந்து சேர்வதுதான் ஒன்றுமில்லை. டிவிக்குப் பின்னால் பூஸ்டர் வைத்த அதே கதை.

பீரோவை விட்டு ரவுட்டரைத் தள்ளி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். ரிப்பீட்டரை வழியில் நடுக்கூடத்துக்கு மாற்றினால் ஓரளவு சரியாகும். ஆனால் ஒரே பட்டையில் வாங்கி அதே பட்டையில் அனுப்பும் மலிவு ரகத்தில் வேகம் பாதியாகும். அதனால் ஹாலிலிருந்து கடைசி அறைக்கு கேட்-6 கேபிள் இழுத்து, அங்கே ஒரு அக்சஸ் பாயிண்ட் வைத்தேன். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். சுவரில் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கவில்லை. பழைய ஆண்டெனா ஒயர் போன ஓட்டையே போதுமானதாக இருந்தது.

புது வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டும்போதே, ஹாலிலிருந்து பின்னறைக்கும் மாடிக்கும் ஒரு குழாயைக் காலியாகப் பதித்துவிடச் சொல்லுங்கள். கரன்ட் ஒயர் போகும் குழாயில் நெட் கேபிளைச் சேர்க்க விடாதீர்கள்.